வாய்க்குள் பாயும் ஒளி: எதற்கு என்று கேட்டு நம்புவோம்

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாய்க்கும் பல்லுக்கும் ஒளியால் சிகிச்சை செய்ய முடியுமா என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. நான் பல் மருத்துவர் இல்லை. தொடர்புத் துறையில் பட்டயம் வாங்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று பேசிப் பிழைப்பவன். ஆனால் விளக்கைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். படப்பிடிப்புக் கூடத்தில் ஒரு விளக்கை இடம் மாற்றி வைத்தால் போதும், மஞ்சளாக இருக்கும் பல் முத்துப்போல் தெரியும். பல் மாறவில்லை, நம் பார்வைதான் மாறுகிறது. ஆகவே யாராவது ஒரு விளக்கைக் காட்டி "இது நல்லது" என்று சொன்னால், "இந்த ஒளி இங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம். அந்த ஒரு கேள்வியை உங்களிடமும் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு நீல விளக்கு. பத்து நிமிடம் வைத்தால் பல் வெளுக்கும், ஈறு பலப்படும், வாய்ப்புண் ஆறும், வாய்நாற்றம் போகும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அண்மையில் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, டிவியில வர்றீங்களே, நீங்களே சொல்லுங்க. அந்த லைட்ட வாங்கினா பல் டாக்டர்கிட்டே போக வேணாமாமே?" என்று கேட்டார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதாம், பல மாதமாக. விளக்குக்குக் கொடுக்கும் காசு போனால் போகட்டும். அந்த விளக்கை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் போனால் திரும்பி வருமா? அதுதான் என் கவலை.

ஒளி மருந்தானது எப்போது?

ஒளியால் நோய் தீரும் என்பதே ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவர், தோலில் வரும் காசநோய்க்குச் செறிவான ஒளியைப் பாய்ச்சிச் சிகிச்சை செய்தார். 1903ஆம் ஆண்டில் அதற்காக மருத்துவ நோபெல் பரிசே கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை வந்து, கண்ணைக் கட்டி, நீல விளக்கின்கீழ் படுத்திருக்கின்றன! இங்கிலாந்தின் ராச்ஃபர்ட் என்ற ஊர் மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டு வாக்கில், வார்டு என்ற தலைமைத் தாதி குறைமாதக் குழந்தைகளை இளவெயிலில் வைத்துப் பார்த்தார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் குறைந்திருந்தது. துணி மூடியிருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றைய நீல விளக்கு. காரணம் இதுதான்: ரத்தத்தில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் நீல ஒளியை உறிஞ்சி, உடம்பு எளிதாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்த நிற ஒளி, எந்தப் பொருளின்மேல், எவ்வளவு நேரம், அதனால் என்ன மாற்றம் என்ற நான்குக்கும் விடை இருக்கிறது. விடை இருந்தால் சிகிச்சை. இல்லாவிட்டால் அது அலங்கார விளக்கு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வாய்க்குள் வருவோம்.

பல் அடைக்கும் நீல விளக்கு

நம்மில் பெரும்பாலோர் வாயில் ஏற்கெனவே ஒளி வேலை செய்திருக்கிறது. சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து பல் நிறத்திலேயே பசை போன்ற ஒன்றை வைத்து அடைக்கிறார்களே, அதைக் கெட்டியாக்குவது நீல ஒளிதான். பசையில் கலந்திருக்கும் கேம்ஃபர்குவினோன் என்ற பொருள் ஏறக்குறைய 470 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளியை ஏற்று, பசையைச் சில நொடிகளில் கல்லாக இறுக வைக்கிறது. ஒளி ஆழமாகப் போகாது என்பதால் வழக்கமான பசையை 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து இறுக்குவார்கள். தாதியர் ஆரஞ்சு நிறத் தட்டைப் பிடிப்பது கண்ணைக் காப்பதற்காக.

இங்கே ஒளி பல்லைக் குணப்படுத்தவில்லை. பசையைத்தான் இறுக்குகிறது. நீல விளக்கைப் பல் மருத்துவரிடம் பார்த்திருப்பதால் வீட்டு நீல விளக்கும் அதே வேலையைச் செய்யும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விளம்பரம் செய்பவருக்கு அந்த நினைப்பே போதும்.

புற்றுநோயாளிக்கு ஆறுதல் தரும் செவ்வொளி

ஒளிச் சிகிச்சைக்கு வாயில் மிக உறுதியான ஆதாரம் இருக்கும் இடம் எது தெரியுமா? பல் வெளுப்பதும் இல்லை, ஈறும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்.

தலை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெறுபவர்களுக்கும், கடுமையான வேதிமருந்துகளுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொள்பவர்களுக்கும் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். சாதாரண வாய்ப்புண் என்று எண்ணாதீர்கள். கஞ்சி இறங்காது. எச்சில் விழுங்கினாலும் எரியும். சிலருக்கு மூக்கு வழியே குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டியிருக்கும். வலி தாங்காமல் புற்றுநோய்ச் சிகிச்சையையே இடையில் நிறுத்தும் நிலையும் வரும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் 1967ஆம் ஆண்டில் எலிகளின்மேல் வலுக்குறைந்த லேசர் ஒளியைச் செலுத்தினார். புற்றுநோய் வருகிறதா என்று பார்ப்பதே நோக்கம். புற்றுநோய் வரவில்லை. மழித்த இடத்தில் முடி விரைவாக வளர்ந்தது. பிறகு புண் ஆறுவதையும் ஆராய்ந்தார். சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உயிரணுவுக்குச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு நொதியில் உறிஞ்சப்பட்டு, திசு தன்னைச் சீர்செய்துகொள்ளத் துணைபுரிகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். இந்த ஒளி சுடாது. சூட்டால் நடக்கும் வேலையும் இல்லை.

கர்நாடக மாநிலத்தின் மணிப்பால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 200 பேருக்கும் அதிகமானவர்களை வைத்து இதைச் சோதித்து, முடிவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உண்மையான லேசர். இன்னொரு பிரிவினருக்குப் பாவனைதான், ஒளி கிடையாது. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, புண்ணை அளந்தவருக்கும் தெரியாது. ஒளி பெற்றவர்களுக்குக் கடுமையான புண்ணும் குறைவு, வலியும் குறைவு. இப்படிப் பல நாடுகளில் கிடைத்த ஆதாரங்களைப் பார்த்து, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018ஆம் ஆண்டில் இந்தச் சிகிச்சையைப் பயன்படுத்த வழிகாட்டுதல் தந்தது. புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான அனைத்துலக நிபுணர் குழு 2020ஆம் ஆண்டில் குறிப்பிட்ட நோயாளிகளுக்குப் புண் வருமுன் காக்க இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் கவனியுங்கள், அன்பர்களே. அலைநீளம், சக்தி, ஒரு புள்ளியில் எத்தனை நொடி என்பதெல்லாம் கணக்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. கட்டி இருக்கும் இடத்தைத் தவிர்க்கலாமா, எங்கே செலுத்தலாம் என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படிப்பட்ட கதிரியக்கச் சிகிச்சை தொடங்கப்போகிறது என்றால், தொடங்குவதற்கு முன்பே மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்: "வாய்ப்புண் வராமல் தடுக்க ஒளிச் சிகிச்சை இவருக்குப் பொருந்துமா?" கேட்பதில் வெட்கமில்லை. வாய் முழுக்கப் புண்ணான பிறகு கேட்பதைவிட முன்கூட்டிக் கேட்பது மேல்.

சாயமும் ஒளியும்

அடுத்தது, ஒளியால் கிருமியைக் கொல்வது. 1900ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டபோது செத்துப்போவதைக் கண்டார். சாயம் ஒளியை வாங்கி, ஆக்சிஜனைத் தூண்டிவிட, அந்த ஆக்சிஜன் கிருமியைத் தாக்குகிறது. சாயம், ஒளி, ஆக்சிஜன் மூன்றும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

நம் சிங்கப்பூரிலேயே இதில் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையில் சாஜி ஜார்ஜ், அனில் கிஷன் இருவரும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை எந்தக் கரைசலில் கலந்தால் பல் வேர்க்குழாய்க்குள் இருக்கும் கிருமி நன்றாகச் சாகும் என்று ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். வேர்ச் சிகிச்சையின்போது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கிருமி ஒளிந்துகொள்ளும். அதை எப்படி எட்டுவது என்பதே கேள்வி. அந்த ஆராய்ச்சியும் வேர்க்குழாயைச் சுத்தம் செய்வதோடு சேர்த்துச் செய்யக்கூடிய துணை வேலையைப் பற்றியதுதான்.

ஈறு நோய்க்கு இதே முறை உதவுமா? அங்கே பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. பல ஆய்வுகள் நடந்தும், ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, வழக்கமான சுத்தத்தோடு சாய ஒளிச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டாம் என்றே யோசனை சொன்னது. சேர்ப்பதால் போதிய பலன் நிரூபணமாகவில்லை என்பதே காரணம்.

ஏன் அப்படி? ஈறில் ரத்தம் வருவது, பல்லின் ஓரத்தில் ஒட்டிய அழுக்குப் படலம் கல்லாக இறுகி, ஈறுக்கு அடியில் கிருமிக்கு வீடாகிவிட்டதால். அந்தக் கல்லைக் கருவியால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷாலேயே கரையாத கல்லை விளக்கு வெளிச்சம் எப்படிக் கரைக்கும்? நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். நம் இந்திய சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆகவே ஈறில் ரத்தம் வந்தால் முதல் மருந்து சுத்தம் செய்துகொள்வது. சாஸ் அட்டை உள்ள சிங்கப்பூரர்களில் தகுதிபெறுவோருக்கும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் தனியார் பல் மருந்தகங்களில்கூடச் சலுகை கிடைக்கிறது. விளக்கு வாங்குவதற்குமுன் அதைப் பயன்படுத்துங்கள்.

நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

ஒளி சிகிச்சைக்கு மட்டும் பயன்படுவதில்லை. நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மாலினி ஒலிவோவும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை ஆராய்ந்தார்கள். ஹைபெரிசின் என்பது ஒரு மஞ்சள் பூச்செடியில் இருக்கும் பொருள். அதை வாயில் படும்படி செய்துவிட்டு நீல ஒளியைப் பாய்ச்சினால், புற்றுநோய் பிடித்த திசு சிவப்பாக ஒளிரும். எது நல்ல திசு, எது கெட்ட திசு என்று படமெடுத்துப் பிரித்துப் பார்க்க முயன்றார்கள். வாய்ப் புற்றுநோயில் இப்படி உலகத்தரமான ஆராய்ச்சி அவுட்ரம் வட்டாரத்தில் நடந்தது என்பது நமக்குப் பெருமை.

ஏன் இது நமக்கு முக்கியம்? வெற்றிலை பாக்கு. கல்யாணத் தட்டில் வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அது நம் மரபு, மங்கலம். நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்து மெல்வதைப் பற்றிப் பேசுகிறேன். புகையிலை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் தடை விதித்தது. சட்டம் புகையிலையைத்தான் தடுத்தது. பாக்கு மெல்லும் பழக்கத்தை நாமேதான் விட வேண்டும்.

இங்கேயும் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. நீல ஒளியில் வாயைப் பார்க்கும் கையடக்கக் கருவிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் தந்தது. சாதாரண வீக்கமும் புண்ணும்கூட அந்த ஒளியில் சந்தேகத்துக்குரியதாகத் தெரியலாம். சந்தேகம் இருந்தால் சிறு துண்டு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

வெள்ளைப் பல் ஆசை

இப்போது எல்லாருக்கும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பிடித்த கைகள் இன்று வெளுப்பூட்டும் விளக்கைப் பிடிக்கின்றன. பல்லை வெளுக்க வைப்பது பெராக்ஸைடு என்ற வேதிப்பொருள். அது இல்லாமல் வெறும் விளக்கு வெளுக்காது. பெராக்ஸைடோடு விளக்கையும் சேர்த்தால் கூடுதலாக வெளுக்கிறதா என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், நீடித்து நிற்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றே சொல்கிறார்கள். சிகிச்சை முடிந்த கையோடு கண்ணாடியில் பல் பளிச்சென்று தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாயைத் திறந்தபடியே வைத்திருப்பதால் பல் உலர்ந்துவிடும். உலர்ந்த பல் வெளுப்பாகத் தெரியும். எச்சில் பட்டு ஈரமானதும் பழைய நிறத்துக்கு நெருங்கி வந்துவிடும்.

இங்கே கடைகளில் நேரடியாக வாங்கக்கூடிய வெளுப்பூட்டும் பொருளில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு இருக்கக்கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பல் மருத்துவர் வழியாகத்தான். அது வீம்புக்குப் போட்ட விதி இல்லை. அளவு மீறினால் ஈறு வெந்துபோகும், பல் கூசும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

கேட்க வேண்டியவை

ஆக, அன்பர்களே, ஒளி பொய் இல்லை. குழந்தையின் மஞ்சள் காமாலையைத் தீர்க்கிறது. அடைப்புப் பசையை இறுக்குகிறது. புற்றுநோயாளியின் வாயைக் காக்கிறது. ஆனால் அது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேலையைத்தான் செய்கிறது. ஒரே விளக்கு எல்லா வேலையையும் செய்யும் என்று சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

யாராவது விளக்கைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஒளி என் வாயில் எதன்மேல் வேலை செய்கிறது? இது வழக்கமான சிகிச்சைக்குத் துணையா, மாற்றா? மாற்று என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாக, இதைச் செய்பவர் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, கருவி சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவானதா? இரண்டையும் இணையத்திலேயே சரிபார்க்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்றை மறக்காதீர்கள். வாயில் ஒரு புண், ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, ஒரு தடிப்பு, எதுவாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் பல் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக்கூடாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. சிறிதாக இருக்கும்போது பிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர் தம்பிமார்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் அவர்களில் நிறைய.

இன்று இரவு பல் துலக்கிய பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன் நில்லுங்கள். உதட்டை மடித்துப் பாருங்கள். இரு கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில், ஈறு முழுவதும் ஒரு முறை பாருங்கள். மாதம் ஒரு தடவை போதும். அதற்கு வேண்டிய வெளிச்சம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடையில் வாங்க வேண்டியதில்லை.